மெழுகுவெள்ளி மஞ்சள் கல்லுக்குள் போன கதை

அந்தக் காலத்தில், கல்லும் நண்டும் மனிதரோடு ஒரே பேச்சில் பேசிக்கொண்டிருந்த காலத்தில், கடலுக்கு நடுவே ஒன்பது தீவுகள் வில்போல வளைந்து கிடந்தன. ஒவ்வொரு தீவின் தலையிலும் ஒரு மலை இருந்தது. ஒவ்வொரு மலையின் வாயிலிருந்தும் கொஞ்சம் புகை வந்துகொண்டே இருக்கும்.

அந்தத் தீவுகளில் மீனுக்குக் குறைவில்லை, தேங்காய்க்குக் குறைவில்லை. குடிதண்ணீருக்குத்தான் பாடு. ஊற்று என்று ஒன்று எந்தத் தீவிலும் கிடையாது. மழை பெய்யும்போது பாறைக்குழிகளில் தேங்குகிற சுனைத் தண்ணீர்தான் வருடம் முழுக்க. மலைகளோ சும்மா இருப்பவை அல்ல. தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல அவ்வப்போது அசையும். அசைந்தால் சுனையில் விரிசல் விழும். காலையில் விரிசல் விழுந்தால் மாலைக்குள் சுனை வெறும் பாறை.

அதற்கு மருந்தாக இருந்தது மெழுகுவெள்ளி. பார்வைக்கு வெள்ளி மாதிரி இருக்கும்; கைக்கு மெழுகு மாதிரி இருக்கும். நகத்தால் கீறலாம், பல்லால் கடிக்கலாம். வளைத்தால் மட்டும் மெல்லிய குரலில் அழும். தூக்கத்தில் பிள்ளை முனகுவதுபோல ஒரு சத்தம். அதை விரிசலில் வைத்துக் கட்டைவிரலால் தேய்த்தால் பாறையோடு பாறையாக ஒட்டிக்கொள்ளும். பிறகு சொட்டுத் தண்ணீர் வெளியே போகாது.

அது கிடைத்த இடம் ஒன்றே ஒன்று. நடுத்தீவின் காலடியில், கடலுக்கு அடியில், கொதிவாய் என்று ஒரு பிளவு இருந்தது. பூமியின் வயிற்றிலிருந்து கருப்புத் தண்ணீர் அதன் வழியே கொதித்துக்கொண்டு மேலே வரும். கூடவே செம்பு வரும், இரும்பு வரும், ஈயம் வரும், துத்தநாகம் வரும். எப்போதாவது துளித்துளியாகப் பொன்னும் வெள்ளியும் மெழுகுவெள்ளியும் வரும். கொதிவாயின் விளிம்பில் கந்தகம் குடியிருந்தது. வருகிறவற்றையெல்லாம் வாங்கி இனம் பிரித்து வைப்பது அதன் வேலை. செம்பு ஒரு பக்கம், இரும்பு ஒரு பக்கம் என்று குவித்துவிட்டு, அரிதாக வருகிறதைத் தனியே ஒரு குழியில் போட்டு வைக்கும். அன்றைக்குக் கந்தகத்துக்கு நாற்றம் கிடையாது. மஞ்சளாக, மிருதுவாக, யார் கேட்டாலும் நிதானமாகப் பதில் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

ஒன்பது தீவுக்காரர்களும் அந்தக் குழியிலிருந்து தேவைக்கு எடுத்துக்கொண்டார்கள். காவல் இல்லை, முறை இல்லை. பொன்னை யாரும் சீண்டுவதில்லை. விரிசலில் வைத்தால் அது ஒட்டாது. பிள்ளைகள் விளையாடத்தான் ஆகும்.

நடுத்தீவில் முங்குகிறவர்களில் பேர்போனவள் வெண்ணி. அவளுடைய மூச்சு நீளம். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கினால், மேலே இருப்பவர்கள் பயந்துபோகிற வரைக்கும் வரமாட்டாள். அவளுக்குக் கயிறு பிடித்தவள் சாத்தி. வெண்ணியின் புருஷன் கீரனுக்குத் தங்கை. கயிற்றைப் பிடிப்பது சின்ன வேலை அல்ல. கீழே இருப்பவள் ஒருமுறை இழுத்தால் கூடையை ஏற்ற வேண்டும்; இருமுறை இழுத்தால் ஆளை ஏற்ற வேண்டும். ஏற்றுகிறவள் ஒரு கணம் அசந்தால் போயிற்று. அதனால் தீவுகளில் யாரும் கண்டவர் கையில் கயிற்றைக் கொடுக்கமாட்டார்கள். ஏழு வருஷமாக வெண்ணியின் கயிறு சாத்தியின் கையில்தான் இருந்தது. அதைப் பற்றி வெண்ணி ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. மூச்சு விடுவதைப் பற்றி யார் நினைக்கிறார்கள்?

ஒரு வருஷம் மழை ஓய்ந்த பிறகு வெண்ணி முங்கியபோது, குழியில் மெழுகுவெள்ளி குறைந்திருந்தது. முழங்கை ஆழத்துக்கு இருக்க வேண்டியது மணிக்கட்டு ஆழத்துக்குத்தான் இருந்தது. யாரோ கூடுதலாக எடுத்திருக்கிறார்கள், சுனை பெரிதாக வெடித்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு அவள் கொஞ்சம் குறைவாகவே எடுத்து வந்தாள். பத்து நாள் கழித்து இறங்கினாள். இன்னும் குறைந்திருந்தது. பிறகு இறங்கியபோது குழியின் அடிப்பாறை அங்கங்கே தெரிந்தது.

வெண்ணி மேலே வந்து வீட்டில் சொன்னாள். கீரன் தோணிக்குப் பலகை செதுக்கிக்கொண்டிருந்தவன், உளியைக் கீழே வைத்துவிட்டு, கீழைத்தீவுக்காரர்கள்தான் என்றான். அவர்கள் சுனைகளை ஆழப்படுத்துகிறார்கள் என்று அவனுக்கு முன்பே தெரியுமாம். கீழைத்தீவில் விசாரித்தபோது அவர்கள் நடுத்தீவைக் காட்டினார்கள். கொதிவாய்க்குப் பக்கத்தில் வீட்டை வைத்துக்கொண்டு எங்களைச் சொல்ல வருகிறீர்களா என்றார்களாம். தென்தீவில் வேறு மாதிரிப் பேச்சு. ஒரு மாதத்துக்குள் ஒன்பது தீவிலும் எல்லாரும் எல்லாரையும் ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தார்கள். வழியில் எதிர்ப்படுகிறவனுடைய மடி கனமாக இருந்தால், அவன் கடந்து போகிற வரைக்கும் பேச்சை நிறுத்திவிட்டு நின்றார்கள். கரையில் தோணி ஈரமாகக் கிடந்தால், யார் எப்போது போனது என்று கேட்டார்கள்.

வெண்ணி கந்தகத்திடம் போய்க் கேட்டிருக்கலாம். அதற்கு அவளுக்குத் தோன்றவில்லை. கேட்டால் திருடன் காதுக்குப் போய்விடும் என்று நினைத்தாள். அதற்குப் பதிலாக, கொதிவாய்க்குப் பக்கத்துப் பாறையிடுக்கில் இருந்த வெள்ளை நண்டிடம் போனாள். அந்த நண்டுக்குக் கண் கிடையாது. இருட்டிலும் கொதிநீரிலும் பிறந்து வளர்ந்தது. ஆனால் காது கூர்மை. அதோடு அதற்குப் பொய் சொல்லத் தெரியாது என்று ஊரெல்லாம் பேர்.

“விடியக்காலையில குழிப்பக்கம் சத்தம் கேட்குது” என்றது நண்டு.

என்ன சத்தம் என்று வெண்ணி கேட்டாள்.

“ஏதோ வழியுற சத்தம். சரசரன்னு இறங்கி ஓடுற மாதிரி. மேலே தோணி போற சத்தமும் கேட்கும். துடுப்புப் போடுறவங்க கையில சங்கு வளையல் இருக்கு. ரெண்டு வளையல் உரசுற சத்தம்.”

வேறு ஏதாவது தெரியுமா என்று கேட்டதற்கு, கேட்டதைத்தான் சொல்லமுடியும், கேட்காததைச் சொல்லமுடியாது என்று நண்டு இடுக்குக்குள் போய்விட்டது.

வெண்ணி இருமுறை கயிற்றை இழுத்தாள். மேலே ஏற ஏற, மங்கலான தண்ணீருக்கு மேலே தோணியின் அடிப்பலகை தெரிந்தது. அதன் விளிம்பில் கயிற்றை வாங்கிக்கொண்டிருந்த இரண்டு கைகள் தெரிந்தன. இடது கையில் இரண்டு சங்கு வளையல்கள்.

தோணியில் ஏறிய பிறகு சாத்தி அவளுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தாள். வெண்ணி குடித்தாள். குடித்துக்கொண்டே அவள் கைகளைப் பார்த்தாள். தீவுகளில் சங்கு வளையல் போடாத பெண் யார்? அது வெண்ணிக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் கண் அந்தக் கையை விட்டு வேறெங்கும் போகவில்லை.

“அண்ணி, கயிறு சுடுது” என்றாள் சாத்தி. “முன்னெல்லாம் குளிர்ந்து வரும். இப்போ ரெண்டு மூணு தடவையா அடிக்கயிறு வெதுவெதுப்பா வருது.”

கயிறு பிடிப்பதிலிருந்து கழன்றுகொள்ள ஒரு சாக்கு இது என்று வெண்ணிக்குப் பட்டது. தான் கீழே போவதைச் சாத்தி குறைக்கப் பார்க்கிறாள். தான் கீழே போகாவிட்டால், குழியில் இருப்பதும் இல்லாததும் யாருக்குத் தெரியப்போகிறது?

அதன் பிறகு வெண்ணியின் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே திசையைக் காட்டியது. சாத்தி விடிவதற்குள் எழுந்து போகிறாள். வெயில் ஏறித்தான் வருகிறாள். வரும்போது கூந்தல் ஈரமாக இருக்கிறது. கேட்டால் நத்தை பொறுக்கப் போனேன் என்கிறாள். கூடையில் நத்தை ஐந்தாறுகூட இல்லை. முன்பு சுவரில் தொங்கிய அவளுடைய ஓலைப்பெட்டி இப்போது பரணில் ஏறியிருக்கிறது, வாய் கட்டியபடி. சோறு போடும்போது கீழைத்தீவைப் பற்றிக் கீரன் ஏதாவது சொன்னால், அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கிறாள். முன்பெல்லாம் அண்ணனோடு சேர்ந்து சிரிப்பவள்.

ஒருநாள் காலையில் வெண்ணி பின்னாலேயே போனாள். சாத்தி கரையில் சின்னத் தோணியை அவிழ்த்து, கிழக்கே துடுப்புப் போட்டுக்கொண்டு போனாள். அவள் போன வழி கொதிவாய்க்கு மேலே போகிற வழி. கீழைத்தீவுக்குப் போகிற வழியும் அதுதான். வெண்ணி தாழம்புதருக்குப் பின்னால் நின்று, தோணி ஒரு புள்ளியாகிற வரைக்கும் பார்த்தாள். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். கூப்பிடவில்லை. இவள் கையிலா என் கயிறு என்று நினைத்தாள்.

அன்றைக்கே வெண்ணி ஒரு முடிவுக்கு வந்தாள். நண்பகலில் சாத்தியை அழைத்துக்கொண்டு கொதிவாய்க்குப் போனாள். காலில் கல்லைக் கட்டும்போது இடுப்பில் கத்தி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மேலே இருப்பவள் கயிற்றைவிட்டால் கல்லை அறுத்துவிட்டுத் தானே மேலே வரலாம் அல்லவா? ஏழு வருஷத்தில் அவள் கத்தியோடு இறங்கியது அதுதான் முதல் தடவை. சாத்தி கத்தியைப் பார்த்தாள். பிறகு கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

கந்தகம் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. குழியில் கைப்பிடி அளவுக்குத்தான் மெழுகுவெள்ளி மிச்சம். அதோடு கொஞ்சம் பொன்னும் வெள்ளியும். நேற்று வந்தவை, இன்று வந்தவை. தண்ணீர் உடம்பைச் சுட்டது. வெண்ணிக்கு இருந்த கோபத்தில் அது உறைக்கவில்லை.

“இதையெல்லாம் ஒளிச்சு வை” என்றாள். “இனிமேல் வர்றதையும் ஒளிச்சு வை. யார் வந்து கேட்டாலும் கொடுக்காதே.”

“எங்கே ஒளித்து வைப்பது? கடலுக்குள் கதவா இருக்கிறது?” என்றது கந்தகம்.

செம்புக்குள்ளே, இரும்புக்குள்ளே, ஈயத்துக்குள்ளே வைத்துவிடு, அதையெல்லாம் யாரும் களவாட வரமாட்டார்கள் என்று அவள் சொன்னாள். தன்னால் முடியாதது அல்ல என்றது கந்தகம். செம்பையும் இரும்பையும் தான் கட்டிப்பிடித்தால் இரண்டும் சேர்ந்து கல்லாகும். அந்தக் கல் இறுகும்போது நடுவே பொடிப்பொடியாக எதைத் தூவினாலும் உள்ளே போய்விடும். ஆனால் ஒன்று இருக்கிறது என்றது.

“எனக்குக் கட்டிப்பிடிக்கத்தான் தெரியும். விடத் தெரியாது. பிடித்தபின் நீயே வந்து கேட்டாலும் என்னால் பிரித்துத் தர முடியாது. நன்றாக நினைத்துப் பார்த்துச் சொல்.”

வெண்ணிக்கு மூச்சு குறைந்துகொண்டிருந்தது. கந்தகம் நேரம் கடத்துவதாக அவளுக்குப் பட்டது. இதுவும் அவர்களோடு சேர்ந்ததுதானோ? யாருக்கோ குழியைத் திறந்து வைத்துக்கொண்டு, தன்னிடம் சாக்குச் சொல்கிறதோ?

“நீயும் அவங்க ஆளா?” என்றாள்.

யாரும் அதுவரை கந்தகத்திடம் அப்படிக் கேட்டதில்லை. அதன் மஞ்சள் முகம் வெளிறியது. குழியில் இருந்த எல்லாவற்றையும் அள்ளிக் கொதிநீரில் கரைத்தது. பிறகு செம்பை ஒரு கையாலும் இரும்பை ஒரு கையாலும் இழுத்து அணைத்தது. ஈயத்தையும் துத்தநாகத்தையும் அணைத்தது. வெண்ணியின் கண்முன்னே அந்தக் குவியல்கள் எல்லாம் இறுகிக் கல்லாயின. ஈயமும் துத்தநாகமும் போன கல் கருப்பாக இருந்தது. செம்பும் இரும்பும் போன கல் பளபளவென்று மஞ்சளாக இருந்தது. குழி காலியாகிவிட்டது.

வெண்ணி இருமுறை கயிற்றை இழுத்தாள். சாத்தி ஏற்றினாள். கீழே என்ன நடந்தது என்று வெண்ணி யாரிடமும் சொல்லவில்லை, கீரனிடம்கூடச் சொல்லவில்லை.

அடுத்த சில நாள்களில் மற்றத் தீவுக்காரர்கள் முங்கிப் பார்த்துவிட்டுக் குழி வெறுமையாக இருக்கிறது என்று கூச்சல் போட்டார்கள். தென்தீவுக்காரர்கள் சிலர் மஞ்சள் கல்லைப் பார்த்து, பொன் பாறையாக வளர்ந்திருக்கிறது என்று தோணி நிறைய ஏற்றிக்கொண்டு போனார்கள். கரையில் போட்டுச் சம்மட்டியால் அடித்தால் தட்டையாகாமல் சில்லுச் சில்லாக உடைந்தது. ஏமாந்தவர்களுக்குக் கோபம் இன்னும் ஏறியது. யாரோ பொன்னையும் மெழுகுவெள்ளியையும் எடுத்துக்கொண்டு போலிக் கல்லைப் போட்டிருக்கிறார்கள் என்றார்கள். ஒன்பது தீவும் கூடி, வீடு வீடாகச் சோதிப்பது என்று முடிவு செய்தார்கள்.

நடுத்தீவில் சோதனை நடந்த அன்று, வெண்ணியின் வீட்டுப் பரணிலிருந்து ஓலைப்பெட்டியை இறக்கினார்கள். சாத்தி பாய்ந்து வந்து பெட்டியைப் பிடித்தாள். அதுவே போதுமாக இருந்தது. நாலு பெண்கள் அவளை விலக்கிப் பிடித்துக்கொண்டு, வாசலில் எல்லார் முன்னாலும் பெட்டியைக் கவிழ்த்தார்கள். பெட்டிக்குள் மெழுகுவெள்ளி இருந்தால் அது பழையது, தான் ஒளிக்கும் முன்பே களவு போனது. ஆகவே சாத்திதான் என்று உறுதியாகிவிடும். அதற்காகவே வெண்ணி வாயைத் திறக்காமல் நின்றாள்.

பெட்டிக்குள் ஒரு புதுச் சேலை இருந்தது. ஆமையோட்டுச் சீப்பு ஒன்று. பிறகு ஒரு கயிறு. அதில் வரிசையாக முடிச்சுகள். கீழைத்தீவில் பெண் பேசி முடித்தால் மாப்பிள்ளை அப்படி ஒரு கயிறு கொடுப்பது வழக்கம். நாளுக்கு ஒரு முடிச்சாக அவிழ்த்துவர வேண்டும். கடைசி முடிச்சு அவிழ்கிற அன்று கல்யாணம். பாதிக்குமேல் அவிழ்ந்திருந்தது.

நாகன் என்று கீழைத்தீவில் ஒருவன் இருந்தான். வலை பின்னுகிறவன். காலையில் அவனைப் பார்க்கத்தான் அவள் அலைத் தெறிப்பில் நனைந்துகொண்டு போய்வந்திருக்கிறாள். அண்ணன் கீழைத்தீவைத் தினமும் திருட்டுத்தீவு என்று பேசிக்கொண்டிருக்கும்போது வீட்டில் எப்படிச் சொல்வாள்?

கீரன் தங்கையின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டான். கூட்டமும் கலைந்தது. சாத்தி மண்ணில் கிடந்த சேலையை உதறி மடித்தாள். முடிச்சுக் கயிற்றைச் சுருட்டினாள். வெண்ணி அருகில் போகலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். அப்போதும் மனசு விடவில்லை. சரி, அவனுக்காகத்தானே எடுத்துப் போயிருப்பாள், பெட்டியிலா வைத்திருப்பாள் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அவள் போகவில்லை.

சாத்தி அதற்குப் பிறகு கயிறு பிடிக்க வரவில்லை. வெண்ணியும் முங்கப் போகவில்லை.

பன்னிரண்டாம் நாள், வெயில் உச்சியில் நிற்கும்போது, நடுத்தீவு மலை அசைந்தது. இது தூக்கத்தில் புரள்கிற அசைவு அல்ல. எழுந்து நிற்கிற அசைவு. கரையில் நின்றவர்கள் விழுந்தார்கள். தென்னைகளில் இருந்த காயெல்லாம் உதிர்ந்தது. சாம்பல் எழும்பி வெயிலை மறைத்தது. மற்ற எட்டுத் தீவு மலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக அசைந்தன. நின்ற பிறகு எல்லாரும் முதலில் ஓடியது சுனைகளுக்குத்தான். ஒவ்வொரு சுனையிலும் விரிசல். விரல் போகிற விரிசல், கை போகிற விரிசல். தண்ணீர் மடமடவென்று இறங்கிக்கொண்டிருந்தது. துணியை அடைத்தார்கள், களிமண்ணை அடைத்தார்கள், பெண்கள் விரிசல்மேல் உட்கார்ந்து பார்த்தார்கள். எதற்கும் நிற்கவில்லை.

வெண்ணி கல்லையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடினாள். தோணியைத் தள்ளிவிட்டுத் திரும்பினாள். கயிறு பிடிக்க ஆளில்லை. கீரன் சுனையில் விரிசலை அடைத்துக்கொண்டு கிடந்தான். ஊரார் ஒவ்வொருவரும் தம் வீட்டுச் சுனையில் கிடந்தார்கள். சாத்தி மட்டும் சாம்பலுக்குள்ளிருந்து நடந்து வந்து தோணியில் ஏறினாள்.

“நீயா?” என்றாள் வெண்ணி.

“வேற யாரு பிடிப்பா?” என்றாள் சாத்தி. துடுப்பை எடுத்துப் போட ஆரம்பித்தாள்.

தண்ணீர் கொதிக்கிற பதத்தில் இருந்தது. வெண்ணியின் தோல் சிவந்தது. கீழே போய்க் கந்தகத்தின் முன்னால் நின்று, கொடுத்துவிடு என்றாள். சுனையெல்லாம் போகிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், பிடித்ததை விடு என்று கெஞ்சினாள்.

“விடத் தெரியாது என்று சொன்னேனே” என்றது கந்தகம்.

வெண்ணி கல்லைப் பிடித்து உலுக்கினாள். நகத்தால் கீறினாள். பிறகு, அழுதுகொண்டே, எல்லாம் அந்தத் திருடனால் வந்தது என்றாள். அவன் எடுக்காமல் இருந்திருந்தால் நான் இப்படிச் செய்திருப்பேனா என்றாள்.

“எந்தத் திருடன்?”

“குழியில இருந்ததை எடுத்தவன்.”

“ஒருவரும் எடுக்கவில்லை. மூன்று மாதமாகப் பூமியின் வயிறு காய்கிறது. மெழுகுவெள்ளிக்குக் கொஞ்சம் சூடு போதும், உருகிவிடும். உருகி, வந்த வழியே பிளவுக்குள் வழிந்து போனது.”

வெண்ணிக்கு நண்டு சொன்னது காதில் கேட்டது. ஏதோ வழிகிற சத்தம். சரசரவென்று இறங்கி ஓடுகிற சத்தம். கயிறு சுடுகிறது என்று சாத்தி சொன்னதும் கேட்டது. மலை எழுந்திருக்கப்போகிறது என்று மூன்று மாதமாகக் குழியே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. ஒன்பது தீவுக்காரர்களும் அந்த மூன்று மாதமும் ஒருவர் மடியை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அன்னிக்கே ஏன் சொல்லல?” என்றாள்.

“யார் எடுத்தது என்று நீ என்னிடம் கேட்கவில்லை. ஒளித்து வை என்றுதான் சொன்னாய்.”

பிறகு, அவள் நிலையைப் பார்த்து மனம் இளகியோ என்னவோ, கந்தகம் இன்னொன்று சொன்னது. தன் பிடியை விடுவிக்க நெருப்பால் மட்டும்தான் முடியும். கல்லை உடைத்து நெருப்பிலிட்டால், தான் எரிந்து போகும்; அப்போது உள்ளே இருப்பது வரும். ஆனால் பிரிகிறபோது வருகிற மூச்சு நல்லதாக இருக்காது, கிட்டே நிற்காதீர்கள் என்றது.

வெண்ணி ஒருமுறை கயிற்றை இழுத்தாள். கூடை ஏறியது. மறுபடி இழுத்தாள், மறுபடி ஏறியது. கல்லை நிரப்பி நிரப்பி அனுப்பினாள். மூச்சு முடிந்து கண் இருட்டிவந்தபோது இரண்டாம் இழுப்பு இழுக்கக் கையில் தெம்பில்லை. சாத்தி இழுப்புக்குக் காத்திருக்கவில்லை. நேரமாகிவிட்டது என்று தன் கணக்கில் தெரிந்து, அவளாகவே இழுத்தாள். தோணியில் போட்டு முதுகில் தட்டினாள். வெண்ணி கண்ணைத் திறந்தபோது, சாத்தியின் உள்ளங்கை இரண்டும் சூட்டில் தோல் உரிந்திருந்தன.

கரையில் பெரிய அடுப்பு மூட்டினார்கள். கல்லை உடைத்துப் போட்டார்கள். சிறிது நேரத்தில் நீலமாக ஒரு சுவாலை எழுந்தது. அதோடு ஒரு நாற்றம். மூக்கில் ஏறி, தொண்டையை அறுத்து, கண்ணைக் குருடாக்குகிற நாற்றம். அப்படி ஒன்றை அதுவரை யாரும் முகர்ந்ததில்லை. பிள்ளைகள் இருமிக்கொண்டு ஓடினார்கள். பெரியவர்கள் ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு கிளறினார்கள். ஊதி, உருக்கி, கழிவை வழித்து, மறுபடி உருக்கினார்கள். பொழுது சாய்வதற்குள் அத்தனை கல்லிலிருந்தும் கிடைத்த மெழுகுவெள்ளி ஒரு அரிசி அளவு.

வெண்ணி அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஊராரின் நடுவில் வந்து நின்றாள். குழியில் களவே நடக்கவில்லை என்றாள். மிச்சம் இருந்ததைக் கல்லுக்குள் வைக்கச் சொன்னது தான்தான் என்றாள். ஏன் அப்படிச் செய்தாள் என்பதையும் சாத்தியின் பேரைச் சொல்லியே சொன்னாள். ஒளிக்க ஒன்றும் மிச்சமில்லை.

கூட்டத்தில் ஒருவரும் அவளை அடிக்கவில்லை. ஏசக்கூட இல்லை. ஒவ்வொருவரும் மூன்று மாதமாகத் தாங்கள் யாரைச் சந்தேகித்தோம் என்று நினைத்துக்கொண்டு நின்றார்கள்போல. கீழைத்தீவுக்காரர்கள் நடுத்தீவுக்காரர்களின் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். சுனைகளில் தண்ணீர் போயே போய்விட்டது. உதிர்ந்த இளநீர் நாலு நாளைக்கு வரும். அதை வைத்துக்கொண்டு, கடலுக்கு அப்பால் இருந்த பெருநிலத்தின் பெருங்கரைக்குப் போய்ச் சேர்வதைத் தவிர வேறு வழியில்லை. ஒன்பது தீவும் தோணிகளை ஏற்ற ஆரம்பித்தன.

சாத்தி நாகனின் தோணியில் போவதாக இருந்தது. கீரன் தானே வந்து அந்தத் தோணியின் பலகைகளைத் தட்டிப் பார்த்து, ஒரு இடத்தில் ஆப்பு வைத்து இறுக்கிக் கொடுத்தான். சாத்தி தோணியில் ஏறும் முன் வெண்ணியிடம் வந்தாள். வெந்த கைகளில் வாழைநார் சுற்றியிருந்தது.

“என்னைக் கேட்டிருக்கலாம், அண்ணி” என்றாள்.

பிறகு போய் நாகனின் தோணியில் ஏறினாள். அந்தத் தோணியும் வெண்ணி ஏறிய தோணியும் ஒரே காற்றில்தான் போயின. ஆனால் பெருங்கரையில் ஒன்று வடக்கே ஒதுங்கியது, இன்னொன்று தெற்கே ஒதுங்கியது. அவர்கள் மறுபடி ஒருவரை ஒருவர் பார்த்தார்களா என்று இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் யாருக்கும் தெரியாது.

ஆளில்லாத தீவுகளைக் கடல் மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டு வந்தது. எத்தனையோ தலைமுறை தள்ளி, கடைசியில் பெருங்கரையோடு சேர்த்து அழுத்திவிட்டது. தீவுகள் மடங்கி மலைத்தொடராயின. கொதிவாய் குளிர்ந்து பாறைக்குள் புதைந்தது. இன்றைக்குக் கடலே தெரியாத தூரத்து மலையில் மண்ணைத் தோண்டுகிறவர்கள், மஞ்சள் கல்லோடு சேர்ந்து, கொதிவாய் ஓரத்தில் ஒரு காலத்தில் வாழ்ந்த கடற்புழுவின் கூட்டைக் காண்கிறார்கள். இது இங்கே எப்படி வந்தது என்று தலையைச் சொறிகிறார்கள்.

அந்த நண்பகலில் கந்தகம் பிடித்த பிடி இன்னும் தளரவில்லை. அன்றிலிருந்துதான் அதை நெருப்பில் இட்டால் அப்படி நாறுகிறது. அன்றிலிருந்துதான் மஞ்சள் கல்லைக் காண்கிற எவரும் அதை நம்பாமல் தட்டிப் பார்க்கிறார்கள், உடைத்துப் பார்க்கிறார்கள், எரித்துப் பார்க்கிறார்கள். ஒரு மலையையே பொடியாக்கினாலும் உள்ளே இருக்கும் அரிய உலோகம் ஒரு கைப்பிடிக்குமேல் தேறுவதில்லை.